ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் வண்டி

வண்டி நின்றுபோவதை இதுவரை பார்த்தவர் அவர் ஒருவர்தான். சிக்கலே அதுதான்.

அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர். ஆள் குள்ளம், உருண்டை. ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். அதனால் கடைக்காரர்கள் மெஷினில் நூல் சுற்றும் உருளையின் பெயரையே அவருக்கு வைத்து, ‘பாபின்’ ஆக்கிவிட்டார்கள். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இருபத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாளும் பின்சீட்டில் கருவிப்பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் கடை கடையாகப் போவார். இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர். ஒரு நாளும் வண்டி மக்கர் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போகும்போது மட்டும் நிற்கிறது.

மகளுக்கு ஒன்பது வயது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி அம்மாவுடன் இருக்கிறாள். பெற்றோர் பிரிந்து இரண்டு வருடமாகிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேரும் களைத்துப்போய்ப் பிரிந்தார்கள். கோர்ட்டில் எழுதிக்கொண்ட தாளில், ஞாயிறுதோறும் மாலை நாலிலிருந்து ஆறு வரை அப்பா மகளைப் பார்க்கலாம், வெளியே கூட்டிப் போகலாம் என்று இருக்கிறது. நாலரைக்குள் அவர் வராவிட்டால் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிறு தவறினால், வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகிவிடும். வக்கீல் இந்த வரியைப் படித்துக் காட்டியபோது பாபின் சிரித்துவிட்டார். “மூணு வாரம் வராம இருக்கிற அப்பன் எவன் சார்?” என்று கேட்டார்.

இப்போது இரண்டு வாரம் தவறியிருந்தது.

முதல் ஞாயிறு, பதினேழாவது கிலோமீட்டரில், பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. ஆறட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார். அரை மணிக்குப் பிறகு ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மகளின் அம்மாவுக்குப் போன் செய்தார்.

“வண்டி நின்னுடுச்சு.”

“சரி.”

“நிஜமாவே நின்னுடுச்சு.”

“நான் இல்லைன்னு சொல்லலையே.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

இரண்டாவது ஞாயிறு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மணிக்கே கிளம்பினார். நாலு இடத்தில் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் ஆறவைத்து, உதைத்து, கெஞ்சி, திட்டி, நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு பூட்டியிருந்தது. போனில் அவள் சொன்னாள்: “நாலரை வரைக்கும் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுப் படியிலயே உக்காந்திருந்தா. எனக்குத்தான் பாக்க முடியல. என் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு வாரம் ஆயிடுச்சு” என்றாள். மிரட்டலாக அல்ல; பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பாபினின் வண்டியைப் பதினைந்து வருடமாகப் பார்க்கும் மெக்கானிக்குக்கு ‘அரைமணி’ என்று பெயர். எந்த வேலையாக இருந்தாலும் அரை மணியில் முடித்துவிடுவதாகச் சொல்வார். பட்டறை என்பது ஒரு தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, சுவரில் ஆணியடித்து அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். முதல் வாரம் வண்டியைக் கொண்டுபோனபோதே அவர் டாக்டர் மாதிரி விசாரித்தார்.

“நிக்கும்போது எப்படி நிக்குது? சட்டுனு நிக்குதா, திக்கித் திணறி நிக்குதா?”

“ஏண்ணே?”

“சட்டுனு நின்னா கரண்ட். திணறி நின்னா பெட்ரோல். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

பாபின் யோசித்துப் பார்த்தார். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கைக்கடிகாரத்தை. இன்ஜின் எப்படி நின்றது என்பது காதில் விழவே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவரும் மெஷின்காரர்தானே.

“சட்டுனுதான்.”

“அப்போ பிளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில்தான். சூடானா விட்டுடும், ஆறினா பிடிச்சுக்கும். அரை மணி வேலை.”

காயிலை எட்ட வேண்டுமென்றால் டேங்கைக் கழற்ற வேண்டும். டேங்கைக் கழற்றிய பின் இன்ஜினை ஓட்டிப் பார்க்க, ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, அடியில் டியூபைச் சொருகி, கூரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது அரைமணியின் வழக்கம். புதுக் காயில் மாட்டியதும், அப்படிப் பாட்டிலில் இருந்து குடித்துக்கொண்டு வண்டி முக்கால் மணி நேரம் ஓடியது. திணறவில்லை, தும்மவில்லை.

இரண்டாவது வாரம் தவறிய பிறகு மறுபடி டேங்க் கழன்றது, மறுபடி பாட்டில் தொங்கியது. பிளக் மாறியது. வால்வு இடைவெளி சரிபார்க்கப்பட்டது. இந்த முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பக்கத்துக் கடைக்காரர் வந்து, புகை தாங்கவில்லை என்று சொல்லும்வரை ஓடியது.

“யோவ், வண்டில ஒண்ணும் இல்லை. எனக்கு உன்மேலதான் சந்தேகம்” என்றார் அரைமணி.

“என்மேலயா?”

“அதுக்கு அந்த ஊருக்குப் போகப் பிடிக்கல. உனக்குப் பிடிக்குதான்னு உன்னையே கேட்டுப் பாரு.”

பாபின் சிரிக்கவில்லை. இதே கேலியை அவரும் எத்தனையோ வீடுகளில் செய்திருக்கிறார். தையல் விட்டு விட்டு விழுகிறது என்று கூப்பிடுவார்கள். அவர் போய் உட்கார்ந்து மிதித்தால் நேர்கோடாகத் தைக்கும். “என்னைக் கண்டா அதுக்குப் பயம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவார். அந்தப் பெண்கள் சொன்னதை அவர் பாதிதான் நம்பியிருக்கிறார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அவர் போன பிறகு அந்த மெஷின்கள் என்ன செய்தன என்று ஒரு முறைகூடத் திரும்பிப் போய்க் கேட்டதில்லை.

“இந்த வாரம் ஆட்டோ பிடிச்சுப் போயிடறேண்ணே” என்றார். ஞாயிறு மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

“போயிட்டு? அடுத்த வாரமும் ஆட்டோவா? அதுக்கடுத்த வாரம்?”

“அவகிட்ட வண்டிலதான் வருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அது உண்மை. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்களுக்குப் போக இடமென்று பெரிதாக எதுவும் இல்லை. மகள் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. நேருக்கு நேர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. வண்டியில் போகும்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லிவிடுவாள்.

அரைமணி ஸ்பேனரை ஆணியில் மாட்டினார். “நானே கூட வர்றேன். என் கண்ணு முன்னால நிக்கட்டும். நிக்காத வண்டியை வச்சிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டுபிடிக்கறது?”

மூன்றாவது ஞாயிறு இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். வழியில் பங்க் கிடையாது என்பதால், எல்லா ஞாயிறும் செய்வதுபோல ஊர் எல்லையில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினார் பாபின். மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து, கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காதை இன்ஜின் பக்கம் சாய்த்தபடி வந்தார்.

பாலத்துக்கு முன்னால் வண்டி இழுக்கச் சிரமப்பட்டது. இரண்டு முறை தும்மியது. நின்றது.

“அப்பாடா” என்றார் அரைமணி. அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. “திணறித்தான்யா நிக்குது. சட்டுனுன்னு சொன்னியே.”

பாபின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

அரைமணி பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைக்கச் சொன்னார். நீலமாகப் பொறி வந்தது. “கரண்ட் இருக்கு. காயில்மேல பழி போட்டது பாவம்.” கார்ப்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினார். பெட்ரோல் வழிய வேண்டிய இடத்தில் நாலு சொட்டு விழுந்தது. “கிண்ணம் காலி. டேங்க் நிறைய வச்சிக்கிட்டு இது பட்டினி கிடக்குது.”

டியூபை உருவிப் பார்த்தார். கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டது. அடைப்பு கார்ப்பரேட்டரிலும் இருக்கலாம், டேங்குக்குக் கீழே உள்ள குழாயிலும் இருக்கலாம். கையோடு இரண்டையும் பார்த்துவிடலாம் என்று துண்டை விரித்துக் கார்ப்பரேட்டரைப் பிரித்தார். மிதவை, ஊசி, ஜெட், சின்னச் சின்னத் திருகுகள் எல்லாம் துண்டின்மேல் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், ஊதினார். எல்லாம் சுத்தமாக இருந்தன. லாரிகள் போகும்போதெல்லாம் பாபின் குனிந்து தன் உடம்பால் துண்டை மறைத்துப் புழுதி விழாமல் பார்த்துக்கொண்டார். வேறு எதற்கும் அவர் உதவவில்லை. மூன்று மணி ஆனது. மூன்றேகால் ஆனது.

“அண்ணே, இதை அப்படியே வச்சிட்டு ஏதாவது லாரில ஏறிப் போயிடட்டுமா?”

“போ. யாரு பிடிச்சு வச்சது? ஆனா இன்னும் அரை மணிதான்.”

பாபின் போகவில்லை. போயிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார். அப்போது வண்டி எந்த நிமிடமும் சரியாகிவிடும்போல இருந்தது.

டேங்குக் குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பெட்ரோலை வடிக்க வேண்டும். பாலத்தடியில் தேடி ஒரு பழைய பிளாஸ்டிக் கேனைப் பாபின் எடுத்துவந்தார். “மேல மூடியைத் திற, டியூப் போட்டு உறிஞ்சிடலாம்” என்றார் அரைமணி. மூன்று ஞாயிறுகளில் அந்த இடத்தில் டேங்க் மூடியை யாரும் திறக்கவில்லை. நிறைந்திருக்கிற டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று எவர் எட்டிப் பார்ப்பார்?

பாபின் மூடியைத் திருகினார். இறுக்கமாக இருந்தது. உள்ளங்கையை அழுத்தித் திருப்பியதும், முங்கி எழுந்தவன் மூச்சை இழுப்பதுபோல டேங்க் காற்றை இழுத்தது.

கீழே தொங்கிக்கொண்டிருந்த டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டத் தொடங்கியது. அரைமணி பாய்ந்து குழாயை மூடினார். எழுந்து, பாபினின் கையிலிருந்த மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் கறுப்பு ரப்பரில் அளவெடுத்து வெட்டிய ஒரு வளையம். நடுவில் இருக்க வேண்டிய சின்ன ஓட்டை பசையால் வழுவழுப்பாக அடைக்கப்பட்டிருந்தது. அருமையான வேலை.

“இதை யார் செஞ்சது?”

“நான்தான்” என்றார் பாபின். “போன மாசம் மழையில டேங்குக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு.”

“என்கிட்ட சொன்னியா?”

“இதுல சொல்ல என்னண்ணே இருக்கு? ஒரு வாஷர்தானே.”

அரைமணி ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். கோபமாகத்தான் தொடங்கினார், ஆனால் விளக்கிச் சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. “தண்ணி போகாம அடைச்ச, சரி. காத்தும் போகலையே. கீழ பெட்ரோல் இறங்கணும்னா மேல காத்து உள்ள வரணும். தினமும் நீ ஒரு லிட்டர்தான் போடுவ. டேங்க் பூரா காத்து, போறதும் ரெண்டு கிலோமீட்டர், தினமும் மூடியைத் திறந்து மூடற. ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு ஒரே மூச்சா ஓட்டற. உள்ள காத்துக்கு இடமே இல்லை. பெட்ரோல் அப்படியே மேல நின்னுடுது. நீ ஆறட்டும்னு உக்காந்திருக்கும்போது எங்கேயோ ஓரத்துல கசிஞ்சு கொஞ்சம் காத்து போகுது, கிளம்பிடுது.” தொடையில் தட்டினார். “நான் பாட்டில்ல ஓட்டிப் பாத்தேன். பாட்டிலுக்கு மூடியே போடலையே. அங்க நின்னு நூறு வருஷம் ஓட்டினாலும் நிக்காதுய்யா.”

“மணி மூணே முக்கால்” என்றார் பாபின்.

மெஷின் ஊசி ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதை எடுத்துப் பசையைக் குத்தி ஓட்டையைத் திறந்தார். கார்ப்பரேட்டரைத் திரும்பப் பூட்ட இருபது நிமிடம் ஆனது. ஒரு திருகு துண்டின் மடிப்பில் ஒளிந்துகொண்டது. நாலு மணிக்குப் பாபின் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை.

மீதி இருபத்தோரு கிலோமீட்டரும் வண்டி ஒரு முறைகூடத் தும்மவில்லை. பாபின் அதை அதன் வயதுக்கு மீறி விரட்டினார். போய்ச் சேர்ந்தபோது நாலு முப்பத்தேழு.

படியில் யாரும் இல்லை. மகளின் அம்மா கேட்டுக்கு வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், கருவிப்பெட்டியோடு நிற்கும் இன்னொரு ஆளைப் பார்த்தாள்.

“இவர்தான் மெக்கானிக்” என்றார் பாபின். “இவர் முன்னாலதான் இன்னைக்கு நின்னுச்சு. நீயே கேளு.”

சாட்சி சொல்ல வந்தவர் முழுதாகச் சொன்னார். காற்று, பெட்ரோல், நிறைந்த டேங்க், பாட்டில் எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஒரே முறையில் புரிந்துவிட்டது.

“அப்போ ஓட்டை அடைஞ்சிருந்தது.”

“ஆமாம்மா. அடைச்சிருந்தது.”

“யார் அடைச்சது?”

அரைமணி பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மூன்று ஞாயிறாக வண்டிமேல் சொன்ன குற்றம் அத்தனையும் அந்த இடத்தில் கைமாறிவிட்டது. பாபின், “தண்ணி இறங்குச்சு, அதான்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை, பெருமூச்சும் விடவில்லை. “சரி” என்றாள்.

“எங்க அவ?”

“ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கா. ஏழு மணி ஆகும்.”

“நாலரை வரைக்கும் இருந்தாளா?”

அவள் துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பதில் சொல்லாமல் உள்ளே போயிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். “இல்லை. மூணரைக்கே போயிட்டா.”

“நான் வர்றதுக்கு முன்னாலயேவா?”

“அவளேதான் கேட்டா. அப்பா வந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். ‘வண்டி நின்னுடும்மா’ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் பிடிச்சு வச்சிருக்கணும். வைக்கல. குளிச்சிட்டிருந்தேன், உங்க போனையும் பாக்கல.” பிறகு தாளைப் படிப்பதுபோலச் சொன்னாள்: “நாலு மணிக்கு அவளை இங்க இருக்க வைக்க வேண்டியது என் பொறுப்பு. அப்படிப் பாத்தா இன்னைக்குத் தப்பு என்னோடது. இதை மூணாவதா எண்ண வேண்டாம். நான் வக்கீல்கிட்டயும் சொல்லிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமைகள் கைவிட்டுப் போகவில்லை. இதற்காகத்தான் அவர் இரண்டு வாரம் தூங்காமல் இருந்தார். நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

“போன்ல பேசறீங்களா?” என்று கேட்டு, அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

“அப்பாவா? வந்துட்டீங்களா?” மகளின் குரலில் உண்மையான ஆச்சரியம். பின்னால் பிள்ளைகளின் சத்தம். “இன்னைக்கு எங்க நின்னுச்சுப்பா?”

“பாலத்துக்கிட்ட. என்னன்னு கண்டுபிடிச்சாச்சு கண்ணு. இனிமே நிக்காது.”

“சரிப்பா.”

“நிஜமாவே நிக்காது.”

“சரிப்பா. நான் போகட்டுமா? என் முறை வந்திடுச்சு.”

“போ கண்ணு, விளையாடு.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். “அடுத்த வாரம் நாலு மணிக்கு இருப்பா இல்ல?”

“இருக்கச் சொல்றேன்.”

“இருப்பாளா?”

“இருக்கச் சொல்றேன்” என்றாள் மறுபடியும். கேட்டைச் சாத்தினாள்; தாழ் போடவில்லை.

அரைமணி வண்டியை உதைத்தார். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. சீராக, ஒரே தாளத்தில் ஓடியது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். தன்னையறியாமல் புன்னகைத்தார், உடனே பாபினைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டார்.

“ஏறுய்யா, போலாம்.”

“ஆறு வரைக்கும் இருக்கலாம்ணே.”

“பாப்பா வர ஏழாகும்னாங்களே.”

“ஆறு வரைக்கும் என் நேரம்” என்றார் பாபின்.

அரைமணி வண்டியை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது. இரண்டு பேரும் கேட்டுக்கு எதிரே, வண்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவள் அவர்களைப் பார்த்துக்கொண்டே துணியை மடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. மகளின் அம்மா இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து தெருவில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.